பத்தே இரவுகள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையேறிய முதல் கறுப்பின ஆண் பாடகர் ராபர்ட் மெக்ஃபெரின். கதவு திறந்தது, சரி. உள்ளே போனவருக்கு என்ன கிடைத்தது?

1955 ஜனவரி 27. நியூயார்க்கில் பிராட்வேயும் 39ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பழைய மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம். வெர்டியின் 'ஐடா' நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் அங்கம். எத்தியோப்பியாவை வென்ற எகிப்துப் படை ஊர் திரும்புகிறது. எக்காளங்கள் முழங்க, மேடை கொள்ளாத கூட்டம். ஊர்வலத்தின் கடைசியில் கைதிகளை ஓட்டி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே படை அதிகாரி உடையில் ஒருவன். உண்மையில் அவன்தான் எத்தியோப்பிய மன்னன் அமோனாஸ்ரோ. தெரிந்தால் தலை போய்விடும். எகிப்தில் அடிமையாக இருக்கும் அவன் மகள் ஐடா, அப்பனைக் கண்டதும் தன்னை மறந்து கூவிவிடுகிறாள். அவன் முன்னால் வருகிறான். எங்கள் மன்னன் களத்திலேயே இறந்துவிட்டான் என்று துணிந்து பொய் சொல்கிறான். தோற்றவர்களுக்காக உயிர்ப்பிச்சை கேட்டுப் பாடத் தொடங்குகிறான்.

அன்றைக்கு அந்த மன்னனாக நின்றவர் ராபர்ட் மெக்ஃபெரின். வயது 33. 1883-ல் திறந்த அந்த அரங்கில் 72 ஆண்டுகளில் தனிப்பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பின ஆண் அவர்தான். அதுவரை அங்கே அமோனாஸ்ரோ என்றால் ஒரு வெள்ளைப் பாடகர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு வருவார்.

இசை வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் 'முதல்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். நாம் போக வேண்டியது அதற்கு அடுத்த நாளுக்கும், அடுத்த வருடத்துக்கும். மூன்று பருவங்கள் மெட்டில் (மெட்ரோபாலிட்டன் ஓபராவை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள்) இருந்த மெக்ஃபெரினுக்கு மேடை கிடைத்தது மொத்தம் பத்து இரவுகள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2021 செப்டம்பரில், கொரோனாவால் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்த மெட் மீண்டும் திறந்தபோது, அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஓபரா மேடையேறியது. டெரன்ஸ் பிளான்சர்டின் 'ஃபயர் ஷட் அப் இன் மை போன்ஸ்'. அடுத்த ஆண்டே இத்தாலியில் வெரோனா திறந்தவெளி அரங்கில் ஐடாவாகப் பாடியவர்கள் முகத்தில் கருமை பூசி வந்ததைக் கண்டித்து, அதே விழாவில் 'லா திராவியாத்தா' பாட ஒப்பந்தமாகியிருந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஏஞ்சல் புளூ விலகிக்கொண்டார். பழைய மரபு என்றார்கள் ஒரு பக்கம். யாருடைய மரபு என்று கேட்டார்கள் மறுபக்கம். ஐடாவின் அப்பாவை ஒரு கறுப்பர் பாடி 67 ஆண்டுகள் கழித்து நடந்த சண்டை இது.

காதலிக்கத் தடை

ஓபராவில் ஆண் குரல்களை மேலிருந்து கீழாக டெனர், பாரிடோன், பாஸ் என்று பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராவில் கதை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். டெனர் காதலிப்பான். உச்சப் பெண் குரலான சொப்ரானோ அவனுக்காக உயிரை விடுவாள். பாரிடோன் குறுக்கே நிற்பான். அவன் பெண்ணின் அப்பாவாக, அண்ணனாக, பொறாமைக் கணவனாக, சதிகாரனாக இருப்பான். அவன் யாரையாவது விரும்பினாலும் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

இந்தப் பாத்திரப் பங்கீட்டை 1950களின் அமெரிக்காவோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு உண்மை புரியும். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வது பல மாநிலங்களில் குற்றம். 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்றபோதுகூட 16 மாநிலங்களில் அவை உயிரோடு இருந்தன. மெக்ஃபெரின் அரங்கேறிய அதே 1955-ல், ஏழு மாதம் கழித்து, மிசிசிப்பியில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் வம்பு செய்ததாகச் சொல்லி எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் வீசினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கறுப்பின டெனர் வெள்ளை சொப்ரானோவை மேடையில் கட்டியணைத்துக் காதல் பாட்டுப் பாடுவதை எந்த அரங்கம் துணிந்து நடத்தும்?

கறுப்பின ஆண்களுக்கு முதலில் திறந்த கதவு பாரிடோன் கதவாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் துணிபு. மெக்ஃபெரின் மெட்டில் பாடிய இரண்டு முக்கியப் பாத்திரங்களைப் பாருங்கள். அமோனாஸ்ரோ ஒரு தகப்பன். 1956-ல் பாடிய ரிகோலெட்டோவும் ஒரு தகப்பன்தான், அதுவும் கூன் விழுந்த அரண்மனைக் கோமாளி. அவருக்கு முன்னோடியான கறுப்பின பாரிடோன் டாட் டங்கனுக்குக் கிடைத்த பெரும் பாத்திரம் போர்கி, கால் ஊனமான பிச்சைக்காரன். நியூயார்க் சிட்டி ஓபராவில் அவர் அறிமுகமான டோனியோ, காதலிக்கப் போய் சவுக்கடி வாங்கும் அவலட்சணமான கூத்தாடி. கறுப்பின ஆண் மேடைக்கு வரலாம், ஆனால் யாரும் அவனை விரும்பக் கூடாது. எழுதாத சட்டம் இது. சிட்டி ஓபராவை மட்டும் கொஞ்சம் விதிவிலக்காகச் சொல்லலாம். டங்கனை 'கார்மென்' ஓபராவின் காளைச்சண்டை வீரன் எஸ்கமில்லோவாகவும் அது பாட விட்டது.

> பெட்டிச் செய்தி: மைக் இல்லாத குரல்
>
> பாரிடோன் என்பது டெனருக்கும் பாஸுக்கும் நடுவிலுள்ள ஆண் குரல். ஆண்களில் பலருக்கும் இயல்பாக அமைவது இதுதான். ஆனால் வெர்டி எழுதிய பாரிடோன் பாத்திரங்கள் குரலின் உச்சப் பகுதியிலேயே நெடுநேரம் நின்று பாடச் சொல்பவை.
>
> ஓபராவில் மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டி 3,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். தேர்ந்த பாடகரின் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிச்செறிவு கூடுகிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஓசை அந்த இடத்தில் மெலிவதால் குரல் தனித்துக் கேட்கிறது.
>
> பெரிய பாரிடோன் குரல்கள் மெதுவாகத்தான் முதிரும். 35 முதல் 50 வயது வரை பொற்காலம் என்பார்கள்.

அப்பா போட்ட தடை

மெக்ஃபெரின் பிறந்தது 1921-ல், அர்கன்சா மாநிலத்தின் மரியானா என்ற சிற்றூரில். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். எட்டுப் பிள்ளைகள். தேவாலயப் பாட்டைத் தவிர வேறெதுவும் வீட்டில் கூடாது. மேல்படிப்புக்காக செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பியபோது பையனுக்கு ஆங்கில ஆசிரியர் ஆகும் எண்ணம். சம்னர் உயர்நிலைப் பள்ளியில் பாடற்குழுவை நடத்திய வர்ட் வால்ட்டன் என்ற ஆசிரியர் அவர் குரலைக் கேட்டதோடு அந்த எண்ணம் போயிற்று. பிறகு ஃபிஸ்க் பல்கலைக்கழகம், சிகாகோ இசைக் கல்லூரி, நடுவில் ராணுவம். 1948-ல் நியூயார்க்.

நியூயார்க்கில் அவர் ஏறிய மேடைகளில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1949 மார்ச் 31, சிட்டி ஓபரா. வில்லியம் கிராண்ட் ஸ்டில் என்ற கறுப்பின மேதை இசையமைத்த 'டிரபிள்ட் ஐலண்ட்' அரங்கேற்றம். பாட்டெழுதியவர்களில் ஒருவர் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். கதை, பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டு ஹைட்டியின் பேரரசனான முன்னாள் அடிமை டெசலீனுடையது. இசை கறுப்பருடையது, கதை கறுப்பருடையது, நாடும் கறுப்பருடையது. டெசலீனாகப் பாடியவரோ ராபர்ட் வீட் என்ற வெள்ளை பாரிடோன், கருமை பூசிக்கொண்டு. மெக்ஃபெரினுக்குக் கொடுத்தது ஒரு பூசாரி வேடம். குரல் இருந்தது, வயது இருந்தது, நிறமும் இருந்தது. தலைமைப் பாத்திரம் மட்டும் பக்கத்தில் நின்றவருக்குப் போனது.

ஆறு மாதமும் 13 மாதமும்

1953-ல் மெட் நடத்திய வானொலிக் குரல் தேர்வில் மெக்ஃபெரின் வென்றார். வென்றவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதப் பயிற்சி. இவருக்கு 13 மாதம் நீண்டது. அந்தக் காத்திருப்பின்போது மெட்டின் பொது மேலாளர் ருடால்ஃப் பிங் கணக்குப் போட்டுக் காய் நகர்த்திக்கொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளால் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் வந்தவர் பிங். நிறத்தடையை உடைப்பதில் உறுதியாக இருந்தார். முதலில் மரியன் ஆண்டர்சன், பிறகு மெக்ஃபெரின் என்று முடிவு செய்தார்.

ஆண்டர்சன், 1939-ல் வாஷிங்டனின் ஒரு மண்டபம் தனக்கு மறுக்கப்பட, லிங்கன் நினைவகப் படிகளில் 75,000 பேர் முன்னால் பாடியவர். உலகமே போற்றிய அந்தப் பெண் குரலுக்கு மெட் இடம் கொடுத்தபோது அவருக்கு வயது 57. அது 1955 ஜனவரி 7. இருபதே நாளில் மெக்ஃபெரின். ஆண்டர்சனுக்குக் கிடைத்த மரியாதை முழுக்க முழுக்க நியாயம். ஆனால் அவர் ஓபரா வாழ்க்கையைத் தொடங்கும் வயதைத் தாண்டியிருந்தார். மெக்ஃபெரின்தான் தொடங்கும் வயதில் இருந்தவர். அந்த அரங்கம் உண்மையில் மாறப்போகிறதா என்பதற்கான சோதனை அவர்தான்.

கணக்கைப் பார்க்கலாம்

அதே வெர்டி பாத்திரங்களை அதே அரங்கில் பாடிய வெள்ளை பாரிடோன் லெனர்ட் வாரன், 1939 முதல் 1960-ல் மேடையிலேயே விழுந்து உயிர்விடும் வரை, 600 முறைக்கு மேல் மெட்டில் பாடினார். ராபர்ட் மெரில் 700 தடவைக்கு மேல். இருவரும் அன்று உச்சத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் எந்தப் புது பாரிடோனுக்கும் இடம் கிடைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும் மூன்று பருவத்துக்குப் பத்து என்பது ஒரு பாடகரை வளர்க்க நினைக்கிறவர்கள் கொடுக்கும் எண்ணிக்கை கிடையாது.

ஓபராப் பாடகர் வீட்டில் பயிற்சி செய்து உருவாகிறவர் அல்ல. ஒரே ரிகோலெட்டோவை ஐம்பது முறை மேடையில் பாடும்போதுதான் எங்கே மூச்சைச் சேமிப்பது, எந்த இடத்தில் நடத்துநர் அவசரப்படுவார், மகளுக்காகக் கெஞ்சும் பாட்டில் எவ்வளவு அழலாம் என்பதெல்லாம் உடம்பில் ஏறும். பத்து இரவுகளில் அது ஏறாது. வீட்டுச் செலவுக்கும் அது காணாது. மனைவி சாராவும் பாடகி. வீட்டில் இரண்டு குழந்தைகள். 1957-க்குப் பிறகு மெக்ஃபெரின் மெட்டுக்குத் திரும்பவில்லை. பாரிடோனின் பொற்காலம் தொடங்கும் வயதில் அந்த மேடையை விட்டு இறங்கினார்.

இன்னொருவர் உதட்டில்

ஹாலிவுட் அழைத்தது. சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பில், ஆட்டோ பிரெமிங்கர் இயக்கத்தில் 'போர்கி அண்ட் பெஸ்', 1959. கதாநாயகன் சிட்னி பாய்ட்டியே. அவருக்குப் பாட்டு வராது. திரையில் பாய்ட்டியேயின் உதடு அசைய, ஒலித்தது மெக்ஃபெரினின் குரல். பெஸ்ஸாக நடித்த டோரதி டேண்ட்ரிட்ஜுக்கும் அடெல் அடிசன் என்ற வேறொரு பாடகிதான் குரல் கொடுத்தார். நமக்குப் பின்னணிப் பாடகர் என்றால் ஊரறிந்த நட்சத்திரம். அங்கே நிலைமை தலைகீழ். முகத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். குரல் யாருடையது என்று தேடியவர்கள் சொற்பம்.

டாட் டங்கனுக்கும் இதே விதிதான். 1935-ல் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவுக்கு நாயகனாகத் தேர்ந்தெடுத்த ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவர். மறு ஆண்டு வாஷிங்டனில் நேஷனல் தியேட்டரில் நாடகம் நடக்கவிருந்தபோது, கறுப்பர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று தெரிந்தது. பிற்பகல் காட்சிகளில் மட்டும் விடுகிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. டங்கன் இறங்கவில்லை. தான் டிக்கெட் வாங்க முடியாத அரங்கில் பாடுவதில்லை என்று உறுதியாக நின்றார். சக கலைஞர்களும் நின்றார்கள். கடைசியில் எல்லா இருக்கையும் எல்லோருக்கும் திறந்தது. நாடகம் முடிந்து குழு ஊரைவிட்டுப் போனதும் பழைய தடை திரும்பி வந்தது.

அவர் குரலில் பிறந்த ஒரு பாட்டு நம் வாசகர்கள் பலருக்கும் தெரியும். 1990-ல் வந்த 'கோஸ்ட்' படத்தில், மண்பானை வனையும் காட்சியில் ஒலிக்கும் 'அன்செயின்ட் மெலடி'. அது 1955-ல் வந்த 'அன்செயின்ட்' என்ற சிறைப் படத்துக்காக எழுதிய பாட்டு. படத்தில் கைதியாக நடித்து முதன்முதலில் அதைப் பாடியவர் டங்கன். ஆஸ்கர் பரிந்துரை வரை போன அந்தப் பாட்டை உலகம் வேறு குரல்களில்தான் நினைவு வைத்திருக்கிறது.

> பெட்டிச் செய்தி: தேதிகள் சொல்வது
>
> 1933: மெட்டில் 'எம்பரர் ஜோன்ஸ்'. கறுப்பின நாயகனாகக் கருமை பூசிப் பாடியவர் லாரன்ஸ் டிபெட்.
> 1945: டாட் டங்கன், நியூயார்க் சிட்டி ஓபராவில்.
> 1955, ஜனவரி 7: மரியன் ஆண்டர்சன், மெட்டில்.
> 1955, ஜனவரி 27: ராபர்ட் மெக்ஃபெரின்.
> 1961, ஜனவரி 27: லியன்டின் பிரைஸ். மெக்ஃபெரின் மேடையேறி சரியாக ஆறு ஆண்டு.
> 1961, அக்டோபர்: ஜார்ஜ் ஷெர்லி. மெட்டில் முன்னணிப் பாத்திரம் பாடிய முதல் கறுப்பின டெனர்.
> 1978: சைமன் எஸ்டெஸ், ஜெர்மனியின் பைரூத் விழாவில் தலைமைப் பாத்திரத்தில்.
> 1985: 'போர்கி அண்ட் பெஸ்' பிறந்து 50 ஆண்டு கழித்து மெட்டில். போர்கியாக எஸ்டெஸ்.
> 2015: 'ஒதெல்லோ' நாயகனுக்குக் கருமை பூசுவதை மெட் நிறுத்தியது.

பெண்கள் வந்தார்கள், ஆண்கள்?

1961-க்குப் பிறகு கறுப்பினப் பாடகிகள் அணியணியாக உச்சத்துக்குப் போனார்கள். லியன்டின் பிரைஸ், கிரேஸ் பம்ப்ரி, ஷெர்லி வெரெட், ஜெஸ்ஸி நார்மன், கேத்லீன் பேட்டில் என்று பட்டியல் நீளும். இவர்கள் யாருக்கும் எதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. இருந்தாலும் அதே காலத்தில் அதே உயரத்துக்குப் போன ஆண்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். ஒரு வெள்ளை டெனர் கறுப்பினப் பெண்ணை மேடையில் காதலிப்பதைப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். திருப்பிப் போட்டால் முகம் சுளித்தார்கள். மேலே சொன்ன எழுதாத சட்டத்தின் மறுபாதி இது. மெக்ஃபெரினைப் பிங் மட்டும் கைவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. டிக்கெட் வாங்கியவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மகன் கண்ட வழி

மெட்டை விட்டபின் மெக்ஃபெரின் கச்சேரிகள் செய்தார், கறுப்பின ஆன்மிகப் பாடல்களை இசைத்தட்டாக்கினார், ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாடமியிலும் சிகாகோவின் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார், 1973-ல் செயின்ட் லூயிஸுக்கே திரும்பினார். அவர் வீட்டில் மாணவர்களுக்குப் பாடம் நடக்கும்போது கேட்டு வளர்ந்த பையன் பாபி மெக்ஃபெரின். 1988-ல் எந்த வாத்தியமும் இல்லாமல், தன் தொண்டையையும் மார்பில் தட்டும் ஓசையையும் மட்டும் வைத்து 'டோன்ட் வரி, பி ஹேப்பி' பாடி உலகையே முணுமுணுக்க வைத்த அதே பாபி. கிராமி விருதுகள் குவிந்தன. மகன் எந்த ஓபரா நிறுவனத்தின் வாசலிலும் நிற்கவில்லை. யாரும் பாத்திரம் தரத் தேவையில்லாத ஒரு கலையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1989-ல் பெரியவருக்குப் பக்கவாதம். பேச்சு குழறியது. பாட்டு மட்டும் போகவில்லை. பக்கவாதம் வந்தவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி காணும் விந்தை இது. பேச்சுக்கு மூளையின் இடப்பக்கம் பெரிதும் பொறுப்பு. பாட்டு வலப்பக்கத்தையும் துணைக்கு அழைக்கிறது. ஒரு சொல்லைப் பேச முடியாதவர் அதையே ராகத்தோடு பாடிவிடுவார். 1993-ல் செயின்ட் லூயிஸ் சிம்பனி மேடையில் மகன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, 72 வயதுத் தந்தை பாடினார். 2006 நவம்பரில் 85 வயதில் மறைந்தார்.

இப்போது பாடுகிறவர்கள்

2021-ல் மெட் அரங்கேற்றிய அந்த ஓபராவில் நாயகன் ஒரு பாரிடோன். பாடியவர் வில் லிவர்மன். லூசியானா சிற்றூரில் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, வளர்ந்த பிறகு துப்பாக்கியோடு ஊர் திரும்பும் சார்லஸின் கதை. சார்லஸ் அழுகிறான், கோபப்படுகிறான், காதலும் செய்கிறான். அவன் காதலியாகப் பாடியவர் ஏஞ்சல் புளூ. மெக்ஃபெரினுக்கு மெட் தராத அந்த ஒன்று ஒருவழியாக மேடையில் நடந்தது. அதைத் தர கறுப்பின இசையமைப்பாளர் ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொருவர் ரையன் ஸ்பீடோ கிரீன். வர்ஜீனியாவின் ஏழைக் குடும்பம். 12 வயதில் சிறார் காவல் இல்லத்தில் அடைபட்டவர். 15 வயதில் பள்ளிச் சுற்றுலாவில் மெட்டுக்கு வந்து, கறுப்பினப் பாடகி டெனிஸ் கிரேவ்ஸ் 'கார்மென்' பாடுவதைக் கண்டு, இங்கேதான் பாடுவேன் என்று முடிவெடுத்தவர். 2011-ல் மெட் குரல் தேர்வில் வென்றார். 2023-ல் 'சாம்பியன்' ஓபராவில் குத்துச்சண்டை வீரன் எமில் கிரிஃபித்தாக அதே மேடையில் நாயகன் ஆனார். 2024-ல் சான்டா ஃபே விழாவில் அவர் பாடியது டான் ஜொவானி. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் மயக்கித் திரியும் காமுகப் பிரபு அவன். மெக்ஃபெரினுக்கு அன்றைய மெட் கனவிலும் தந்திருக்காத வேடம்.

லிவர்மன் அதோடு நிற்கவில்லை. தனக்கான பாத்திரத்தைத் தானே எழுதுவது என்று உட்கார்ந்தார். ரொசினியின் 'செவில் நகர நாவிதன்' ஓபராவைச் சிகாகோவின் தெற்குப் பகுதிக்கு இழுத்து வந்து, கறுப்பர்களின் ஒரு முடிதிருத்தும் கடையில் நடக்கும் கதையாக்கினார். பள்ளித் தோழர் டிஜே கிங் ரிகோ கூட்டாளி. ஓபரா, ராப், காஸ்பெல் எல்லாம் கலந்த இசை. 'தி ஃபேக்டோட்டம்' என்று பெயர். 2023 பிப்ரவரியில் லிரிக் ஓபரா ஆஃப் சிகாகோ அதை அரங்கேற்றியது. கடை முதலாளி மைக் பாத்திரத்தை லிவர்மன் தன் பாரிடோன் குரலுக்கு எழுதியிருந்தார், பாடியதும் அவரே.